அந்தக் கையை அழித்துவிடுங்கள், மேடம்

செல்போனில் லேபிள் வடிவமைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து, நீ ஒரு பக்கமாகப் பேசுகிறாய் என்று குறை சொல்ல வேண்டாம். ஆமாம், ஒரு பக்கமாகத்தான் பேசப்போகிறேன்.

நான் சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் பட்டாசு லேபிள் செய்கிறவள். புஸ்வாணத்தைச் சுற்றி ஒட்டுகிற தாள், சங்குசக்கரப் பெட்டியின் மூடி, வெடிப் பாக்கெட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற புலி, எல்லாம் என் மேசையிலிருந்து போவதுதான். பட்டாசுக்கும் புலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். புலி போட்டால் விற்கிறது, போடுகிறோம்.

முன்பு கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த மென்பொருளில் வேலை பார்த்தோம். அதைப் புதுப்பிக்கக் கட்டுப்படியாகவில்லை என்று அண்ணாச்சி, அதாவது எங்கள் அச்சக முதலாளி, ஒருநாள் அதை நிறுத்திவிட்டு பிரவுசரில் திறந்து வேலை செய்கிற ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போதும் நான் சண்டை போட்டேன். நெட் போனால் திரை நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே கிடக்கும். பெரிய படமாகத் திறந்தால் எங்கள் பழைய கம்ப்யூட்டரின் ஃபேன் மாவு மில்லைப் போலக் கத்தும். ஒருநாள் கை தவறி அந்தப் பக்கத்தையே மூடிவிட்டு, காலையிலிருந்து செய்த வேலை போச்சே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். திரும்பத் திறந்தால் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அன்றைக்குத்தான் அதனுடன் சமாதானம் ஆனேன்.

பழகியபின் அதன் அருமை தெரிந்தது. நான் ஒரு இணைப்பை அனுப்பினால் போதும், பட்டாசுக் கம்பெனி ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டரில் அதே பக்கம் திறக்கும். இங்கே நான் புலியின் வாலை நகர்த்தினால் அங்கே அவர்கள் பார்க்கலாம். பெரிய திரை என்பதால் லேபிளின் அடியில் பொடி எழுத்தில் வருகிற வரிகளும் தெரியும். எந்த நுனியில் பற்றவைக்க வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. புலி பெரிதா சின்னதா என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் படிப்பேன்.

எங்களுக்கு வருடம் முழுக்க வேலை தருகிற பட்டாசுக் கம்பெனி ஒன்று சாத்தூர் போகிற பக்கம் இருக்கிறது. அதன் பெரிய முதலாளி தினமும் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஆபீஸ் போனில் கூப்பிட்டு "ஓடட்டும்" என்பார். அந்த ஒரு சொல் வந்தபிறகுதான் எங்கள் மிஷின் ஓடும். செல்லில் அனுப்பினால் பார்க்கமாட்டார். அவர் செல் கேட்டில் இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனி கேட்டில் ஒரு மர அலமாரி இருக்கும். உள்ளே போகிறவர்கள் செல், தீப்பெட்டி, பீடி என்று எது இருந்தாலும் அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மருந்து ரூமுக்குள் செருப்பு கிடையாது, நைலான் சேலை கிடையாது. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று அதைக் கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். ரூமில் கரண்டு விளக்குகூட இருக்காது. அதற்குத்தான் நாலு பக்கமும் வாசல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று ஆகிவிட்டால் ஓடுவதற்கும் அந்த வாசல்கள்தான்.

அந்தக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற ரூமில்தான் என் அக்கா வேலை பார்க்கிறாள். எங்கள் அம்மாவும் அப்பாவும் மல்லாங்கிணறு பக்கம் ஊரார் காட்டில் களை வெட்டியவர்கள். மழை ஏய்த்த வருடங்களில் அந்த வேலையும் இல்லாமல் போனபோது அக்கா பட்டாசுக்குப் போனாள். அவள் போனதால்தான் நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். இன்றைக்கும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் அவளைக் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம் அவள் திரும்பி வந்து படியேறும்வரை எனக்கு உயிர் ஒரு நிலையில் இருக்காது. எங்கேயாவது தொலைவில் சத்தம் கேட்டால் மவுஸை விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்ப் புகை தெரிகிறதா என்று பார்ப்பேன். அச்சகத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பாதிப் பேர் என்னோடு வந்து நிற்பார்கள்.

இந்த நிலையில்தான் பெரிய முதலாளியின் மகன் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்தார். கம்பெனியில் எல்லாரும் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். வந்த கையோடு எங்கள் அச்சகத்துக்கு வந்து என் மேசையில் சாய்ந்து நின்றார்.

"இன்னுமா பிரவுசர்ல குத்திக்கிட்டு இருக்கீக மேடம்? இதுக்கே தனியா ஆப் வந்துருச்சு. செல்லுல போட்டுக்கங்க. பஸ்ல போகும்போதுகூட வேலையை முடிச்சிரலாம்."

பஸ்ஸில் போகும்போது நான் தூங்குவேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி வற்புறுத்தியதால் அந்த ஆப்பை என் செல்லில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு இடம் போதாமல் அக்கா பிள்ளைகளின் படங்களை அழிக்க வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் கேமராவைக் கொடு, மைக்கைக் கொடு, உனக்குத் தெரிந்தவர்களின் நம்பரையெல்லாம் கொடு என்று கேட்டது. லேபிளில் புலி வரைய என் சித்தி நம்பர் எதற்கு? சரி, வேலைதான் செய்து பார்ப்போம் என்றால் விரலை வைத்த இடத்தில் விரல்தான் தெரிகிறது, வரைவது தெரியவில்லை. செல் திரையில் ஆரஞ்சு நிறம் நெருப்பாக ஜொலிக்கும், தாளில் அடித்தால் வெந்த பூசணிக்காய் மாதிரி வரும். அப்புறம் வாங்குகிறவன் வந்து என்னிடம் கத்துவான். அடியில் இருக்கிற எச்சரிக்கை வரியோ எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. செல்லில் பார்த்துச் சரி சொல்கிறவன் அந்த வரியே இல்லாவிட்டாலும் சரி என்றுதான் சொல்வான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். செல்லில் அது பிரவுசரைவிட வேகமாகத்தான் ஓடியது. நெட் இல்லாமலும் ஓடியது. சின்ன முதலாளி அதைத்தான் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நெட் இல்லாத இடத்தில் செய்த வேலையைத் தனக்குள்ளே வைத்துக்கொண்டிருக்கும், நெட் கிடைத்ததும் தானாகவே என் பிரவுசர் பக்கத்தில் ஏற்றிவிடும். இன்னொரு வித்தையும் அதில் இருந்தது. கேமராவைத் திறந்து ஒரு வெற்றுப் புஸ்வாணத்தின்மேல் பிடித்தால், நான் செய்த லேபிள் அதன்மேல் ஒட்டியிருப்பது போலவே திரையில் தெரியும். பிரவுசரில் இது கிடையாது. "எப்புடி?" என்று என் முகத்தைப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றேன். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

சீசன் சூடுபிடித்த நேரம். வடக்கே இருக்கிற ஏஜெண்டு ஒருவர் புஸ்வாணத்துக்குப் புது லேபிள் கேட்டார். நான் செய்து முடித்திருந்தேன். மறுநாள் மதியத்துக்கு முன்னால், என் பிரவுசரில் அந்த லேபிள் பக்கத்தின் ஓரத்தில் ஒரு புதுப் படம் தானாக வந்து உட்கார்ந்தது. சின்ன முதலாளி அனுப்பியது. வரிசையாகப் புஸ்வாணங்கள், முன்னால் இருப்பதன்மேல் என் லேபிள். பார்க்க அசலாகவே இருந்தது. கீழே அவர் எழுதியிருந்தார்: "ஏஜெண்டுக்கு ஃபேக்டரி மாதிரியே காட்டணும்னு உள்ளயே போய் எடுத்தேன். சூப்பரா வந்திருக்கு. பின்னால ஒரு கை தெரியுது, மருந்து அப்பி அழுக்கா இருக்கு. அந்தக் கையை அழிச்சிருங்க மேடம்."

உள்ளேயே போய் எடுத்தேன். அந்த மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சூடாகும். அது அப்போதே சூடாகிவிட்டது. படத்தைப் பெரிதாக்கினேன். ஈயம் பூசியது போல வெள்ளி நிறமாக ஒரு கை, புஸ்வாணத்தின் கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நுனி உள்பக்கமாக வளைந்திருந்தது.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சுண்டுவிரல் அப்படித்தான் இருக்கும். அம்மாவுக்கு அப்படி இருந்தது. மவுஸைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான்.

அந்தக் கையைச் சுற்றி ஆப் தானாகவே புள்ளிக்கோடு ஒன்று போட்டு வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான்: "தேவையற்றது. அகற்றவா?" என் அக்காவைத்தான் தேவையற்றது என்கிறது. இவ்வளவு புத்திசாலியான ஆப்புக்கு அந்த ரூமில் தேவையற்றது எது என்று மட்டும் தெரியவில்லை. அக்காவின் நகங்களில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. மருந்து ரூமில் விளக்கே கிடையாது என்று சொன்னேன் அல்லவா? ரூம் இருட்டாக இருக்கிறதென்று இந்த மனிதர் செல்லில் டார்ச்சையும் போட்டிருக்கிறார்!

அக்காவைக் கூப்பிடலாம் என்றால் அவள் செல் கேட்டில் மர அலமாரிக்குள் கிடக்கிறது. அவளும் அவளோடு வேலை பார்க்கிற எல்லாப் பெண்களும் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

சின்ன முதலாளியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"சார், செல்லை மருந்து ரூமுக்குள்ள கொண்டு போனீகளா?"

"ரெண்டு நிமிஷம்தான் மேடம். ஃப்ளைட் மோட்ல போட்டுத்தான் கொண்டு போனேன். சிக்னலே கிடையாது. அதான ஆப்போட வசதி? உங்க பிரவுசருக்குத்தான் நெட் வேணும், இதுக்கு வேணாம்."

என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. "தம்பி," என்றேன். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். "சிக்னலை நிறுத்தினா பேட்டரி குளுந்து போயிருமா? டார்ச்ச வேற போட்டிருக்கீக. ஒரு வெத்துக் கூட்ட வெளிய எடுத்துட்டு வந்து மேசையில வச்சுப் பிடிச்சா உங்க கேமரா மாட்டேன்னு சொல்லுமா? உள்ள எத்தன பேரு உக்காந்து இருக்காகன்னு பாத்தீகளா இல்லையா?"

"நீங்க ஓவரா பயப்படுறீங்க மேடம். ஒண்ணும் ஆகலைல்ல?"

ஒன்றும் ஆகவில்லையாம். எங்கள் ஊரில் இந்தச் சொல்லைச் சொன்னவர்களின் வீடுகள் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் படத்துக்கு மாலை தொங்குகிறது என்றும் தெரியும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "ஏஜெண்டு காத்துக்கிட்டு இருக்காரு, கையை மட்டும் அழிச்சு அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பதில் சொல்ல மனமில்லாதபோது கண்ணாடி அழுக்காகிவிடும்.

"நீ சொல்றது சரிதான் தாயி. ஆனா சீசன் நேரம். நமக்கு இருக்கிற பெரிய ஆர்டரே இவுக ஆர்டருதான். அழிச்சுக் குடுத்துரு, நான் பெறகு பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

"பக்குவமா யார்ட்ட சொல்வீக அண்ணாச்சி? அந்த ரூமு இருந்தாத்தான சொல்ல முடியும்?"

அவர் மிஷின் பக்கம் போய்விட்டார். அந்தப் படத்தை ஓரத்திலிருந்து எடுத்து, பெரிய முதலாளி தினமும் காலையில் திறந்து பார்க்கிற பக்கத்தின் நட்டநடுவில் வைத்தேன். புஸ்வாணங்களை மங்கலாக்கினேன். அதன்மேல் தெரிந்த லேபிளையும் மங்கலாக்கினேன்; அசல் லேபிள் பக்கத்தின் ஓரத்தில் அப்படியே இருந்தது. அந்தக் கையையும் அதன்மேல் விழுந்த டார்ச் வெளிச்சத்தையும் மட்டும் தெளிவாக விட்டேன். கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: "ஐயா, இது உங்கள் மருந்து ரூம். இந்த வெளிச்சம் செல்போனுடையது. இந்தக் கையை அழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் அழிக்கவில்லை."

சாயங்காலம் அக்கா வந்ததும் அவள் குளிக்கப் போவதற்குக்கூட விடவில்லை.

"இன்னைக்குச் சின்ன முதலாளி செல்லோட உள்ள வந்தாராக்கும்?"

"ஆமாடி, உனக்கு எப்புடித் தெரியும்?" என்றவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். "லைட்ட அடிச்சுக்கிட்டே வாராரு. ஃபோர்மேன் எந்திரிச்சு நின்னாரு, வாயத் தொறக்கலே. மொதலாளி புள்ளைய யாரு கேக்க? கையில பிடிச்சிருந்த கூட்ட கீழ வைக்கக்கூடப் பயமா இருந்துச்சு. அப்புடியே பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் செய்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. நன்றாகச் செய்தாய் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அடி பாவி! என் கையப் போட்டா அனுப்பி வச்ச? ரூமுல இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச கை. நாந்தான் போட்டுக் குடுத்தேன்னு நினைக்க மாட்டாகளா? சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி. நாளைக்கு வேன்ல ஏத்துவாகளா மாட்டாகளான்னு தெரியலையே!"

"ஏத்தலன்னா போ, உயிரோட இருப்பல்ல!" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். அன்றைக்கு நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் சாப்பிட்டோம். காலையில் வேன் வந்தது. அவளும் ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அச்சகத்தில் ஆபீஸ் போன் வழக்கமான நேரத்துக்கு அடித்தது. அண்ணாச்சி எடுக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன்.

"அது யாரு கை?" என்று கேட்டார் பெரிய முதலாளி.

"எங்க அக்கா கைங்க, ஐயா."

"லேபிள் கலரு நல்லா வந்திருக்கு. ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். கலரு நல்லா வந்திருக்காம்! போனை வைத்த வேகத்தில் மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. அண்ணாச்சி மிஷினைப் போடச் சொன்னார். நாள் முழுக்க அந்த லேபிள் ஓடியது, நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையே வேண்டாம், எங்கேயாவது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். என் செல்லில் இருந்த அந்த ஆப்பை அழித்தேன். அழிக்கும்போது, எங்களை விட்டுப் போவதில் வருத்தமா என்று கேட்டது. போடா என்றேன், வாய்விட்டே.

சாயங்காலம் அக்கா வந்து செருப்பை வாசலில் விட்டாள். வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். என் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. பேசட்டும் என்று காத்திருந்தேன்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டு ரூமுக்குள்ள போறதுக்கு வரிசையில நின்னோம்டி," என்று ஆரம்பித்தாள். "பெரிய மொதலாளி எங்க ரூமுக்கு எதுக்க இருக்கிற கேட்டுல வந்து நிக்காரு. அந்த வெயில்ல, கையக் கட்டிக்கிட்டு. சின்னவரு கார் வந்துச்சு. எறங்குனதும் அவுக அப்பா அந்த அலமாரியக் காட்டுனாரு. இவரு மூஞ்சி செத்துப் போச்சு. செல்ல எடுத்து உள்ள வச்சாரு."

"வச்சாரா?"

"கேளு. பெரியவரு எங்களப் பாத்து, போங்கம்மான்னாரு. எங்கள்ல ஒருத்தரும் தகட்டத் தொடலே. ஏன்னா சின்னவருக்கு ரெண்டு செல்லு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அப்புடியே நின்னோம். சின்னவரு எங்களப் பாத்தாரு, அப்பாவப் பாத்தாரு, பேண்டு பையில இருந்து இன்னொன்ன எடுத்து வச்சாரு."

"அப்புறம் உள்ள போனீகளா?"

"இல்ல. கையில ஒரு வாட்சு கட்டியிருக்காருல்ல, செல்லு மாதிரியே படம் காட்டுமே, அது அந்நேரம் பளிச்சுன்னு எரிஞ்சுச்சு. எல்லாரும் பாத்தோம். யாராவது சொல்லுவாகன்னு பாத்தேன். ஃபோர்மேன் தரையப் பாக்காரு."

"யாரு சொன்னா?"

அக்கா சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். மருந்து இன்னும் முழுதாகப் போகாத கையை நீட்டினாள், வளைந்த சுண்டுவிரலோடு, அங்கே நீட்டிய மாதிரியே.

"'தம்பி, அதையும் வைங்க'ன்னேன். அவரு கழட்டி வச்சாரு. பெறகுதான் தகட்டத் தொட்டோம்."